நாலு ஓட்டு வித்தியாசம்

ஸ்கார்ஸ்பி பகுதியின் ஓட்டுப் பெட்டியைப் பன்னிரண்டு மணிக்குத் திறந்தார்கள்.

விளையாட்டரங்கின் தரையில் பூப்பந்துக் கோடுகளின் மேல் மேசைகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். அந்தப் பக்கம் எண்ணுகிறவர்கள். இந்தப் பக்கம் ஹெதர் கெரிசன், கையில் ஒரு அட்டையும் பென்சிலும். சீட்டுகளைத் தொடக் கூடாது. எண்ணுகிறவர்களிடம் பேசக் கூடாது. பார்க்கலாம்.

முதல் சுற்றில் மொத்தச் சீட்டு எத்தனை என்றுதான் எண்ணுவார்கள். ஆனால் விரிக்கும்போது வாக்காளர் போட்ட பெருக்கல் குறி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். எந்தப் பெட்டி யாருக்கு விழுந்தது என்பதைக் கட்சிக்காரர்கள் இப்படித்தான் கண்டுபிடிப்பார்கள். ஹெதர் பதினாறு வருடமாக இதைச் செய்கிறாள்.

சீட்டில் இரண்டே பெயர். கெரிசன் மேலே. லார்ட்டர் கீழே.

கீழே. கீழே. கீழே. மேலே. கீழே. கீழே.

ஒரு சீட்டில் பென்சிலை அழுத்திய அழுத்தில் காகிதம் கிழிந்திருந்தது. அதுவும் கீழே.

அவளுடைய தேர்தல் முகவர் காலின் தோளருகே வந்து நின்றார்.

"எவ்வளவு?"

"நூத்தி நாப்பதுல முப்பத்தொண்ணு."

"அடப்பாவிங்களா. வாசல்ல நின்னு எல்லாரும் தலையாட்டினாங்களே."

"தலையாட்டத்தான் செஞ்சாங்க."

"பீக்கன் லேன் மொத்தமும் போச்சு."

"அவங்க வீடு, காலின். நெவில் லார்ட்டர் ஒரு வீடும் கடலுக்குப் போகாதுன்னு சொல்றான். நான் என்ன சொன்னேன்? பாக்கலாம்னு சொன்னேன்."

பைக்குள் கைபேசி அதிர்ந்தது.

ஸ்கார்ஸ்பியின் பீக்கன் லேனில் பன்னிரண்டு வீடுகள். பின்பக்கத் தோட்டங்கள் செம்மண் மேட்டின் விளிம்பு வரை போகும். அதற்குக் கீழே கடல். பிப்ரவரியில் கடைசி வீட்டுத் தோட்டத்தில் ஒரு விரிசல் கண்டது. நிலவியல்காரப் பெண் அதன் இரு பக்கமும் இரும்பு முளைகளை அடித்துவிட்டுப் போனாள். தினமும் காலையில் வந்து இரண்டுக்கும் இடையே அளப்பாள். வாரத்துக்கு ஒரு மில்லிமீட்டர் கூடும். சில வாரம் அதுவும் இருக்காது.

செய்தி அவளிடமிருந்துதான். நேற்றிலிருந்து பதினொரு மில்லிமீட்டர். இன்று மாலை ஆறு நாற்பதுக்குக் கடலேற்றம், அதோடு வடக்குக் காற்று. வீடுகளைக் காலி செய்யுங்கள்.

ஹெதர் அதை இரண்டு முறை படித்தாள்.

வீடுகளைக் காலி செய்யச் சொல்லும் கடிதம் தயாராகத்தான் இருந்தது. மார்ச்சிலேயே தயார். பன்னிரண்டு உறைகள், பன்னிரண்டு பெயர்கள். உள்ளூர் மன்றத்தில் கடற்கரைப் பொறுப்பு கவுன்சிலரான அவளிடம்தான், கையெழுத்தும் அவளுடையதுதான். அனுப்புவதற்கு முந்தின நாள் தேர்தல் அறிவிப்பு வந்தது. இனி முடிவு அறிவிக்கும் வரை மக்களைப் பாதிக்கும் எந்தச் செய்தியும் மன்றத்திலிருந்து போகக் கூடாது என்றார் டன்கன். அவர்தான் மன்றத்தின் தலைமை அதிகாரி, தேர்தல் அதிகாரியும் அவரே. ஆறு வாரம்தானே, வெயில் காலம் வருகிறது, கடல் அடங்கித்தான் இருக்கும் என்றார். ஹெதர் சரி என்றாள்.

சரி என்றபோது அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அந்தக் கடிதத்தோடு ஒரு வீட்டு வாசலிலும் போய் ஓட்டுக் கேட்க முடியாது. அந்த நிம்மதியை அவளால் பிறகு மறக்க முடியவில்லை.

டன்கன் மேடையருகே நின்று பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். அவள் கைபேசியை நீட்டினாள். அவர் படித்துவிட்டுத் துகள்களைத் தட்டிவிட்டார்.

"அறிவிச்ச உடனே அனுப்பிடலாம்."

"ஓட்டுப் போட்டு முடிச்சாச்சே டன்கன். இனிமே யார் மனசை மாத்தப் போறோம்?"

"முடிவு அறிவிக்கிற வரைக்கும்னுதான் எழுதியிருக்கு. அந்த வரியை நான் எழுதல. உங்க வார்டுல கடும் போட்டி. நடுவுல இந்தக் கடிதம் போச்சுன்னா நாளைக்குக் கோர்ட்டுல நிக்கறது நான்."

"பதினொரு மில்லிமீட்டர்."

"புரியுது. நாலு மணிக்குள்ள முடிஞ்சிடும். கடல் ஏற ஆறு நாப்பது ஆகும். நேரம் இருக்கு."

நேரம் இருந்தது. காரை எடுத்தால் இருபது நிமிடத்தில் பீக்கன் லேன். வீடு வீடாகப் போய்த் தானே சொல்லலாம். அதை யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் அவள் போய்விட்டால் செல்லாத சீட்டுகளை யார் பார்ப்பது?

ஹெதர் மேசைக்குத் திரும்பினாள்.

இரண்டாம் சுற்றில் சீட்டுகளைப் பெயர்வாரியாகப் பிரித்து இருபத்தைந்தாகக் கட்டினார்கள். கட்டுகள் இரண்டு வரிசையாக நீண்டன. மேட்டுத் தெருப் பெட்டிகள் அவளுக்கு விழுந்திருந்தன. வரிசைகள் சமமாக வந்தன. ஒன்று முந்தும், மற்றது பிடித்துவிடும். சந்தேகச் சீட்டுகள் ஒன்பது. டன்கன் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார். ஒன்றில் இரண்டு பெயருக்கும் குறி. ஒன்றில் நாய் படம். ஒன்றில் "எல்லாரும் கடலில் விழுங்கள்" என்று எழுதியிருந்தது. காலின் சிரித்தார். ஹெதருக்குச் சிரிப்பு வரவில்லை.

அரங்கின் உயரமான கண்ணாடிகளில் காற்று மோதிக்கொண்டே இருந்தது.

நாலு ஆகியும் முடியவில்லை. நாலரைக்கு டன்கன் இருவரையும் தனியே அழைத்தார். நெவில் லார்ட்டர் கோட்டில் வேட்பாளர்கள் அணியும் நாடாப் பூவை, பெரியதாக, பச்சையில் குத்தியிருந்தான். ஹெதரின் தம்பியோடு ஒரே வகுப்பில் படித்தவன். பீக்கன் லேனின் கடைசி வீடு அவனுடையது.

"லார்ட்டர் அறுநூத்திப் பன்னெண்டு. கெரிசன் அறுநூத்தி எட்டு," என்றார் டன்கன்.

நெவில் கண்ணை மூடித் திறந்தான்.

காலின் உடனே சொன்னார்: "மறு எண்ணிக்கை. நாலு ஓட்டுதான். ஒரு கட்டுல மூணு சீட்டு மாறியிருந்தாப் போதும்."

"உங்க உரிமை," என்றார் டன்கன். "ஆனா இவங்க எல்லாரும் காலையில ஏழு மணிலேர்ந்து நிக்கறாங்க. இன்னும் ரெண்டு வார்டு வேற பாக்கி. இன்னைக்கு முடியாது. பெட்டிய சீல் வச்சு, நாளைக்குப் பத்து மணிக்கு எண்ணலாம்."

"அறிவிப்பு?" என்று கேட்டாள் ஹெதர்.

"அதுவும் நாளைக்குத்தான்."

அவள் டன்கனைப் பார்த்தாள். அவர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

"மறு எண்ணிக்கை வேண்டாம்."

"ஹெதர்!" காலின் அவள் முழங்கையைப் பிடித்தார். "உங்களுக்கு என்ன பைத்தியமா? ஜெயிச்சுடலாம். மேட்டுத் தெருக் கட்டுல எனக்கு ஒண்ணு சந்தேகமாவே இருந்துச்சு."

"இருக்கட்டும்."

"பதினாறு வருஷம்!"

"எண்ணத் தெரியும் காலின். டன்கன், அறிவிச்சுடுங்க."

அறிவித்தார். நெவிலின் ஆட்கள் தரையை மிதித்துக் கூச்சலிட்டார்கள். நெவில் மேடையேறி, யார் யாருக்கோ நன்றி சொன்னான். ஹெதரின் நீண்ட கால உழைப்புக்கும் நன்றி சொன்னான். மனதார்த்தான் சொன்னான். பிறகு விரலை உயர்த்தினான். "நம்ம லேன்ல ஒரு வீடும் போகாது. ஒரு வீடும்!"

இறங்கி வந்தவனை அவள் மறித்தாள்.

"வாழ்த்து, நெவில்."

"நல்ல மனசு உனக்கு. வா, சாயங்காலம் நம்ம தோட்டத்துல எல்லாரும் கூடறோம். தோத்தவங்களுக்கும் பீர் உண்டு."

"உன் தோட்டத்துல யாரும் கூட வேண்டாம். வீட்டுலயும் இருக்க வேண்டாம். விரிசல் பெரிசாகிக்கிட்டே போகுது. இன்னைக்குக் காலையில பதினொரு மில்லிமீட்டர்."

சுற்றி நின்றவர்கள் திரும்பினார்கள்.

"வீடுகளுக்கு ஆபத்துன்னு எப்பலேர்ந்து தெரியும் உனக்கு?"

"பிப்ரவரிலேர்ந்து."

நெவில் கோபமில்லாமல், கிட்டத்தட்டப் பரிதாபமாகக் கேட்டான்.

"பிப்ரவரிலேர்ந்து தெரிஞ்சு, நாலு ஓட்டுல தோத்த அன்னைக்குத்தான் சொல்லணும்னு தோணுச்சா?"

யாரோ கைதட்டினார்கள். ஒருத்தி உரக்கச் சொன்னாள்: "பதவி போன உடனே கவுன்சிலரம்மாவுக்குக் கடல் துணைக்கு வந்துடுச்சு!"

"மேட்டுத் தெருவுல வீடு கட்டிக்கிட்டவங்களுக்கு எங்க வீட்டு மேல எப்பவுமே ஒரு கண்ணு," என்றார் இன்னொருவர்.

அவர்கள் சிரித்துக்கொண்டே வெளியே போனார்கள்.

வெள்ளிக்கிழமையின் கடைசித் தபால் போய்விட்டிருந்தது. திங்கள் விடுமுறை. கடிதம் செவ்வாயன்றுதான் கிடைக்கும் என்றார் டன்கன். புதியவர்கள் பதவியேற்பதும் செவ்வாய்தான்.

"அதுவரைக்கும் கரைப் பொறுப்பு என்கிட்ட. உறைகளக் குடுங்க."

"நானும் வரணும்தான். ஆனா இன்னும் ரெண்டு வார்டு இருக்கு..."

"உறைகளக் குடுங்க டன்கன்."

மன்ற அலுவலகத்துக்குப் போய் உறைகளை எடுக்க ஐந்தரை ஆகிவிட்டது. காரில் போகும்போதே அவசர எண்ணை அழைத்தாள். எதிர்முனையில் ஒரு பெண் பொறுமையாகக் கேட்டாள். யாருக்காவது அடிபட்டிருக்கிறதா? இல்லை. மண் சரிந்துவிட்டதா? இல்லை. வண்டி அனுப்புகிறோம், வெளியூரிலிருந்து வர வேண்டும், நாற்பது நிமிடமாவது ஆகும்.

ஆறடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது பீக்கன் லேனில் வண்டியை நிறுத்தினாள். கதவைத் திறக்கக் காற்று விடவில்லை. முதல் வீட்டில் மணி அடித்தாள். பதில் இல்லை. உறையைக் கதவின் இடுக்கில் போட்டாள். இரண்டாவது வீட்டிலும் இல்லை. மூன்றாவதிலும் இல்லை. ஜன்னல்களில் பச்சைத் தட்டிகள், லார்ட்டர், லார்ட்டர் என்று. கடைசி வீட்டுப் பின்புறத்திலிருந்து பாட்டுச் சத்தமும் இறைச்சி வாட்டும் வாசனையும் வந்தன.

தெரு முழுவதும் அங்கேதான் இருந்தது.

மடக்கு நாற்காலிகள் கடலைப் பார்த்துப் போடப்பட்டிருந்தன. அடுப்பில் நெவிலின் மனைவி சாசேஜ்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். விரிசல் மேல் யாரும் இடறக் கூடாது என்று கடையில் விற்கும் செயற்கைப் புல்லை நீளமாக விரித்து, ஓரங்களில் கல் வைத்திருந்தார்கள். பெரும்பாலான நாற்காலிகள் அதற்கு அப்பால், கடல் பக்கம் இருந்தன. கீழே அலை மண்ணை அறையும் ஒவ்வொரு முறையும் ஹெதருக்கு அது காதில் கேட்பதற்கு முன் காலில் தெரிந்தது.

பழக்கத்தில் தலைகளை எண்ணினாள். இருபத்தேழு.

"பாருங்க, யார் வந்திருக்காங்கன்னு!" நெவில் கைகளை விரித்தான். "ஒரு பீர் குடுங்கப்பா அவளுக்கு."

"நெவில், எல்லாரையும் வெளியே கூட்டிட்டுப் போ. தயவுசெஞ்சு. காலையில அளந்த கணக்கு இப்ப இன்னும்..."

"தேர்தல் முடிஞ்சுபோச்சு, ஹெதர். இனி ஓட்டு கிடையாது."

சிரிப்பு. விளிம்பருகே நாற்காலியில் முழங்காலில் கம்பளியோடு உட்கார்ந்திருந்த ஐரிஸ் மாப்ஸ் திரும்பிப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரி, எண்பதை நெருங்குகிறவள். ஹெதர் பள்ளிக்கூடத்தில் படித்தபோது அங்கே சமையலறையில் வேலை பார்த்தவள்.

"ஏன் கண்ணு நின்னுட்டிருக்க? தோக்கறது என்ன ஊருக்குப் புதுசா? நான் அவனுக்குத்தான் போட்டேன், ஒளிக்க மாட்டேன். வந்து உக்காரு."

"ஐரிஸ், எந்திரிச்சு வாங்க. இந்த மேடு தாங்காது."

"அம்பது வருஷமா இதத்தான் சொல்றாங்க."

ஒரு காகிதத் தட்டு காற்றில் எழும்பி விளிம்பைத் தாண்டிப் போனது. கீழே விழாமல் மேலே ஏறியது. எல்லோரும் அதைப் பார்த்து ஓவென்றார்கள்.

ஹெதருக்குப் புரிந்தது. உண்மையைச் சொல்ல வேண்டிய நாள் எப்போதோ போய்விட்டது. இன்று அவள் வாயிலிருந்து வந்தால் அது தோற்றவளின் பேச்சு. இருபது முறை சொன்னாலும் அதேதான்.

கையில் கொடுத்த பீரை வாங்கிக்கொண்டாள். ஒரு வாய் குடித்தாள்.

"சரி விடு," என்றாள். "நான் வந்தது அதுக்கு இல்ல. பத்திரிகைக்காரர் தெருமுனையில காத்துட்டிருக்கார். தெருப் பலகைக்குக் கீழ நீங்க எல்லாரும் நிக்கற மாதிரி ஒரு படம் வேணுமாம். முதல் பக்கத்துக்கு."

"நெஜமாவா?"

"ஒருத்தர் விடாம வரணும்னு சொன்னார். வெளிச்சம் போறதுக்குள்ள."

பதினாறு வருடத்தில் பொது இடத்தில் அவள் சொன்ன முதல் முழுப் பொய். நெவில் தலைமுடியைச் சரிசெய்துகொண்டான். அடுப்பை அணைக்கச் சொன்னான். கோப்பைகளோடும் நாய்களோடும் கூட்டம் வீட்டின் பக்கவழியாக நகர்ந்தது. ஹெதர் முன்னால் நடந்தாள். நிற்காமல் நடந்தாள், பின்னால் வருகிறவர்களும் நிற்கக் கூடாதே என்று.

தெருப் பலகை லேனின் மறுமுனையில், சாலை சேரும் இடத்தில் இருந்தது. அங்கே யாரும் இல்லை.

"எங்க உன் பத்திரிகைக்காரன்?"

"காருக்குப் போயிருப்பார். வந்துடுவார். நீங்க நில்லுங்க."

நின்றார்கள். காற்று முகத்தில் அறைந்தது. ஐந்து நிமிடம் ஆனது. யாரோ குளிர்கிறது என்றார்கள். யாரோ அடுப்பில் இருப்பதெல்லாம் ஆறிப் போகும் என்றார்கள். இரண்டு பேர் திரும்பி நடக்கத் தொடங்கினார்கள்.

"நானே எடுக்கறேன்," என்றாள் ஹெதர். "எடுத்து அவருக்கு அனுப்பிடறேன்."

நெவிலுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. "தோத்தவ எடுத்த படம்! இதைவிடப் பிரமாதமா என்ன வேணும்? வாங்கப்பா, திரும்பி வாங்க."

அவள் கைபேசியை உயர்த்தினாள். மணி ஆறு பத்தொன்பது. அவசர வண்டியின் ஒலி எங்கும் கேட்கவில்லை.

"நெருங்கி நில்லுங்க. உயரமானவங்க பின்னால."

எடுத்தாள்.

"கண்ணை மூடிட்டீங்க ஒருத்தர். இன்னொண்ணு."

எடுத்தாள்.

"கவுன்சிலரம்மாவுக்கு நாளையிலேர்ந்து இதுதான் பொழப்பு!" என்று ஒரு குரல் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நல்ல படம். அதையும் எடுத்தாள்.

"இப்ப கையைத் தூக்குங்க. நாயைக் கொஞ்சம் முன்னால விடுங்க. அப்படித்தான்."

திரையில் முகங்களை இடமிருந்து வலமாக எண்ணினாள். இருபத்தாறு. வலமிருந்து இடமாக எண்ணினாள். இருபத்தாறுதான்.

"ஐரிஸ் எங்க?"

"அங்கதான் உக்காந்திருக்கா. முட்டி வலிக்குதாம். என் மூஞ்சி பேப்பர்ல வந்து என்ன ஆகப் போகுது, நீங்க போய்ட்டு வாங்கன்னுட்டா," என்றாள் நெவிலின் மனைவி.

லேனின் கோடியில் ஏதோ படீரென்று ஒலித்தது. கண்ணாடி உடைவது போல, ஒரே ஒரு தரம். சிலர் திரும்பிப் பார்த்தார்கள்.

"காத்துல கதவு அடிச்சுக்குது," என்றான் நெவில். "போதும் வாங்க, போகலாம்."

ஹெதர் அவன் கையில் கைபேசியைத் திணித்தாள்.

"எடுத்துட்டே இரு. ஒருத்தரையும் இந்தப் பலகையத் தாண்டி விடாத."

"எதுக்கு? ஹெதர், நீ என்ன..."

"நாலு ஓட்டு உனக்குன்னு இன்னைக்கு நான்தான் விட்டேன், நெவில். அதுக்குப் பதிலா ஒரு அரை மணி நேரம் நான் சொல்றதைக் கேளு."

அவன் வாயில் ஒரு கேலி தயாராக இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தான். அதைச் சொல்லவில்லை.

அவள் ஓடினாள். அறுபத்தொரு வயதில் கோட்டும் தேர்தல் காலணிகளுமாக, லேனின் நடுவில் ஓடினாள். பின்னால் நெவிலின் குரல் கேட்டது. சிரிப்பில்லாமல் கேட்டது. "நில்லுங்க எல்லாரும். நில்லுங்கன்னா. இன்னொண்ணு எடுக்கணும்."

பக்கவழியில் சுவரோரம் இருந்த ஜன்னலில் மேலிருந்து கீழ் வரை கீறல் விழுந்திருந்தது.

தோட்டத்தில் காற்று இல்லை. சட்டென்று நின்றிருந்தது. செயற்கைப் புல் நடுவில் தொய்ந்து, ஓரக் கற்கள் உள்ளே போய்விட்டிருந்தன. அதற்கு அப்பால் வெறும் நாற்காலிகளுக்கு நடுவே ஐரிஸ் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"வந்துட்டியா கண்ணு," என்றாள் திரும்பாமல். "படம் நல்லா வந்துச்சா?"

"வந்துச்சு. கையைக் குடுங்க, ஐரிஸ்."

"எட்டலியே. நீ இங்க வா."

ஹெதர் தொய்ந்த பச்சைப் புல்லைத் தாண்டி அந்தப் பக்கம் காலை வைத்தாள்.